மான் தொட்டியில் ஊற்றிய தண்ணீர்

அன்று காலை அம்சவேணி கம்பிக் கதவைத் திறந்து உள்ளே போனபோது, தண்ணீர்த் தொட்டிக்குள் மூக்கை வைத்தபடி ஒரு புள்ளிமான் நின்றுகொண்டிருப்பதாகத்தான் தெரிந்தது. அருகில் போன பிறகுதான் அது நிற்கவில்லை, முன்னங்கால் மடிந்து தொட்டியின் விளிம்பில் சாய்ந்து செத்துக் கிடக்கிறது என்று புரிந்தது. வாயோரம் நுரை. திறந்த கண்ணில் அசைவில்லை.

"அய்யோ, என் ராஜாத்தி!" என்று குடத்தைப் போட்டாள்.

தொட்டியைச் சுற்றியிருந்த சேற்றில் இன்னொன்று கிடந்தது. அதற்கு அப்பால் மற்றொன்று. உயிரோடிருந்த ஒரு பெட்டை மான் பின்னங்கால்களை இழுத்து இழுத்து, அதே தண்ணீரை நோக்கி வந்துகொண்டிருந்தது. அம்சவேணி கையை விரித்துக்கொண்டு குறுக்கே ஓடினாள். ஏன் அதைத் தடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. தண்ணீருக்குப் பக்கத்தில் சாவு என்றால் தண்ணீரைச் சந்தேகப்படு என்பது அந்த வட்டாரத்து மனிதர்களின் ரத்தத்தில் ஊறிப்போன பயம். பாலாற்றங்கரைக் கிணறுகள் பல உப்பாகவும் செம்மண் நிறமாகவும் மாறியதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு எந்த வாய்க்கால் வழியாக எந்த வயலுக்குப் போகிறது என்பதுதான் டீக்கடைப் பேச்சு.

எண்பத்தாறாம் வருஷத்து ஐப்பசி அது. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஆம்பூரை அடுத்த மலையடிவாரத்தில் வனத்துறையார் வேலி போட்டு மான்கள் வளர்த்த இடம். அங்கே அடிபம்பில் தண்ணீர் அடித்துத் தொட்டியை நிரப்புவதும் தழை போடுவதும் அம்சவேணியின் வேலை. தினக்கூலிதான். ஆனால் அவள் அதைக் கூலியாகவா செய்தாள்? குட்டி போட்ட மானுக்குக் கருப்பட்டி கரைத்துக் கொண்டுபோய் வைத்து, வனவரிடம் திட்டு வாங்கியவள் அவள்.

அவள் பிறந்தது குடியாத்தத்தில், லுங்கி நெய்யும் குடும்பத்தில். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாக் கூட்டத்தில் செருப்பறுந்து நின்றவளுக்கு, தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு நடந்துபோனவன் கோவிந்தராஜ். ஆம்பூர் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் தோல் ஊறவைக்கிறவன். "அந்தக் கையால என் பொண்ணு சோறு வாங்கித் திங்கறதா?" என்று கேட்ட அப்பா, அவள் அவனோடு போன அன்றே தலைமுழுகினார். பிறந்த வீட்டிலிருந்து ஒரு முழம் துணிகூட வரவில்லை. அவளுக்கு எல்லாமே கோவிந்தராஜ்தான். அவனுக்கும் அவள்தான். இப்போது இருவருக்குமாகச் சேர்த்து கமலம் இருந்தாள். அவர்களுடைய ஒரே மகள், தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிற மகள்.

மான் வளாகத்துப் பழைய சிமெண்டுத் தொட்டி வெடித்துப்போனபோது, மனைவி நாள் முழுதும் குடம் குடமாகச் சுமப்பதைப் பார்க்கச் சகிக்காமல் கோவிந்தராஜ் ஒரு காரியம் செய்தான். ஆலையில் தோலுக்குப் போடும் மருந்து காலியான பிளாஸ்டிக் டிரம் இரண்டைக் கேட்டு வாங்கி வந்தான். அந்த ஊரில் அது புதிதில்லை. பாதி வீடுகளில் தண்ணீர் நிற்பது அப்படிப்பட்ட டிரம்மில்தான். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, நாள்கணக்கில் வெயிலில் காயவைத்து, மறுபடி கழுவி, முதல் சொம்புத் தண்ணீரைத் தானே குடித்துப் பார்த்தான். ஒன்றை நெடுக்குவாட்டில் அறுத்து மான்களுக்குத் தொட்டி. மற்றொன்று வீட்டில் குடிதண்ணீருக்கு.

வெயில் ஏறுவதற்குள் வேலியைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. வனவர் ராமமூர்த்தி சைக்கிளில் வந்து இறங்கினார். செத்த மான்களைப் பார்த்தார். அவருக்கு மேலே எத்தனை அதிகாரிகளோ! முகம் வெளிறிவிட்டது.

"இன்னா தண்ணி ஊத்தினே?"

"அடிபம்புத் தண்ணிதான் சார். எப்பவும் ஊத்தறதுதான்."

கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. "தண்ணிய வுடுங்க சார், தொட்டி எங்கேர்ந்து வந்திச்சின்னு கேளுங்க!"

"அவ வூட்டுக்காரன் டேனரில கீறான் சார். மயிர் உதிர்ற மருந்து டிரம் அது. தோலுக்கே மயிர் உதிருதுன்னா கொடலு இன்னாத்துக்கு ஆவும்?"

யாரோ சிரித்தார்கள். அம்சவேணிக்கு அந்தச் சிரிப்பு காதில் விழவில்லை. அவள் காதில் வேறொன்று ஒலித்துக்கொண்டிருந்தது. நேற்று ராத்திரி கமலம் நடுங்கிக்கொண்டே சொன்னது: "அம்மா, குளுருதும்மா. தண்ணி குடும்மா." நெருப்பாய்க் கொதித்த மகளுக்குச் சொம்பு சொம்பாக எதிலிருந்து மொண்டு கொடுத்தாள்? அந்த இன்னொரு டிரம்மிலிருந்து அல்லவா!

கடவுளே! மானுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று!

செய்தி கேட்டு ஆலையிலிருந்து அப்படியே ஓடிவந்தான் கோவிந்தராஜ். முழங்கால்வரை சுண்ணாம்பு காய்ந்து வெளுத்திருந்தது. சேற்றில் கிடந்த மான்களைப் பார்த்தான். தொட்டியைப் பார்த்தான். மனைவியின் முகத்தைப் பார்த்தான். சொல்லாமலே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"கமலம்..." என்றான். அவ்வளவுதான். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினான்.

"பாருங்க சார், ஓடறான்!" என்று கத்தினார்கள்.

அம்சவேணி பின்னால் போகக் காலெடுத்தாள். ராமமூர்த்தி கையை நீட்டித் தடுத்தார். "நீ எங்க போற? வேலூர்லேர்ந்து மாட்டு டாக்டர் வந்துகினு கீறாங்க. அவுங்க விஷம்னு எழுதிட்டா அடுத்து போலீசுதான். அதுவரைக்கும் எங்க கண்ணு முன்னாடி இரு."

டாக்டர் மனோரமா வரும்போது பிற்பகல் ஆகிவிட்டது. முப்பது வயதிருக்கும். ஜீப்பிலிருந்து இறங்கிய கையோடு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ரப்பர் கையுறையை மாட்டி, ஒரு மானை அறுத்துப் பார்த்தார். கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டது. அம்சவேணி மட்டும் டாக்டரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த உதட்டிலிருந்து வரப்போகும் ஒரு சொல்லில் அல்லவா அவள் மகளின் உயிரும், மகள் வயிற்றிலிருக்கும் உயிரும் தொங்குகின்றன!

"உள்ளெல்லாம் ரத்தம் கசிஞ்சிருக்கு" என்றார் டாக்டர். "விஷத்துலயும் இப்படி வரும். சில காய்ச்சல்லயும் வரும்."

"தண்ணிகிட்டதான் எல்லாம் செத்திருக்கு மேடம்" என்றார் ராமமூர்த்தி.

"காய்ச்சல் வந்த பிராணி தண்ணியத் தேடித்தான் வரும். அத மட்டும் வெச்சு நான் ஒண்ணும் சொல்ல முடியாது. ரத்தம் எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பறேன். முடிவு வர வாரக்கணக்காகும்."

வாரக்கணக்கா! அதுவரை கமலம் தாங்குவாளா?

டாக்டர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "இந்தச் சுத்துவட்டாரத்துல செம்மறியாடு ஏதாவது சீக்கா கிடக்கா? வாய் வீங்கி, நொண்டிக்கிட்டு? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இல்லிங்கம்மா. ஒண்ணும் இல்லிங்க."

எல்லோரும் ஒரே மாதிரி தலையாட்டினார்கள். அம்சவேணிக்கு மட்டும் ஒன்று நினைவுக்கு வந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கணக்கில் அது சீக்கே இல்லை.

ஓடையைத் தாண்டி சாமிநாதன் செம்மறி மடக்குகிற பட்டி இருந்தது. அதன் முள்வேலிப் படலில் சில நாட்களாக வேப்பிலைக் கொத்து தொங்குவதைத் தழை ஒடிக்கப் போனபோது அவள் பார்த்திருந்தாள். ஆட்டுக்கு அம்மா வந்திருக்கிறாள் என்று அர்த்தம். அம்மா இறங்கிய பட்டியை நோய் கண்ட பட்டி என்று வாயால் சொல்லக் கூடாது. மருந்து கூடாது. வெளியாள் நுழையக் கூடாது. செத்த ஆட்டை உரிக்கவும் கூடாது. ஒரு துண்டுத் தோலைக்கூட வீணாக்காத அந்த ஊரில், தோலோடு ஆட்டைப் புதைக்கிறார்கள் என்றால் அது அம்மாவுக்குப் பயந்துதான். தலைக்குத் தண்ணீர் ஊற்றி அவளை வழியனுப்பும்வரை ஊரே வாயை மூடிக்கொள்ளும்.

சொல்லிவிடலாமா? சொன்னால் டாக்டரும் வனவரும் கூட்டமுமாகப் பட்டிக்குள் நுழைவார்கள். சாமிநாதன் மனைவி ராஜம்மாள் அரிவாளைத் தூக்குவாள். எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மாவின் கோபம் யார் மேல் விழும்? நிறைமாதமாக இருப்பவள் மேல் விழுந்தால்?

அம்சவேணி ஓடைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் ரத்தக் குப்பிகளைப் பெட்டியில் அடுக்கினார். "இருட்டறதுக்குள்ள கிளம்பணும். டிரம்மையும் ஜீப்ல ஏத்துங்க" என்றார். "விஷமா இருக்கலாம்னு இப்போதைக்கு எழுதறேன்."

"அம்மா!" அம்சவேணி அவர் காலடியில் விழுந்தாள். "கொஞ்சம் நேரம் இருங்கம்மா. நான் ஒண்ண எடுத்தாறேன். நான் வர்றதுக்குள்ள போய்டாதீங்க. ஒரு தாயி கேக்கறேன்!"

ராமமூர்த்தி அதட்டுவதற்குள் அவள் ஓடையில் இறங்கிவிட்டாள்.

பட்டிப் படலின் முன்னால் ராஜம்மாள் காவலுக்கு உட்கார்ந்திருந்தாள். நெற்றி நிறைய மஞ்சள். ஓடிவருகிறவளைப் பார்த்ததும் எழுந்து குறுக்கே நின்றாள்.

"அங்கியே நில்லு அம்சா. படல தொடாத. அம்மா கீறா."

"தெரியும் அண்ணி. ஒரே ஒரு ஆட்டக் குடு. டாக்டரம்மாவுக்குக் காட்டிட்டு இட்டாந்துர்றேன்."

"டாக்டரா? ஒனுக்கு இன்னா பைத்தியமா புடிச்சிகீது? ஊசி போட்டா மந்தையே போய்டும்! மான சாவடிச்சிட்டு இப்ப என் ஆட்டையும் சாவடிக்க வந்தியா?"

அந்தச் சொல் சாட்டையாய் விழுந்தது. அம்சவேணி தாங்கிக்கொண்டாள்.

"ஆமா அண்ணி. நான்தான் சாவடிச்சேனான்னு எனுக்கே தெர்ல. அதத் தெரிஞ்சிக்கதான் வந்தேன். அந்த டிரம்மு தண்ணியதான் என் கமலமும் குடிக்கிறா. ராவெல்லாம் காய்ச்சல். வயித்துல புள்ள. ஒன் ஆடு எங்க தண்ணி குடிக்குது? மலை ஓடையில. ஒன் ஆட்டுக்கு வந்ததும் மானுக்கு வந்ததும் ஒண்ணுன்னா, என் தண்ணி விஷம் இல்ல. இல்லன்னா..." படலுக்கு வெளியே மண்ணில் மண்டியிட்டாள். "இல்லன்னா என் கையாலயே என் புள்ளைக்கு ஊத்திக் குடுத்துட்டேன் அண்ணி!"

பட்டிக்குள் ஏதோ ஒரு ஆடு இருமியது. ஓடைக்கு அப்பால் ஜீப் என்ஜினை முறுக்கிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"அண்ணி! ஜீப்பு கெளம்புது!"

"கத்தாத. அம்மா கீற எடத்துல கத்தாத." ராஜம்மாளின் குரல் உடைந்திருந்தது. கமலத்துக்கு வளைகாப்பில் முதல் வளையல் அடுக்கியவள் அவள்தான். சட்டென்று திரும்பி உள்ளே போனாள். நிற்க முடியாமல் கிடந்த ஒரு தாயாட்டை இரு கையாலும் வாரி எடுத்து, முள்வேலிக்கு மேலாக நீட்டினாள். முள் அவள் முழங்கையைக் கிழித்தது.

"நான் யாருக்கும் குடுக்கல. ஆடு தானா வேலி தாண்டி ஓடிச்சி. தாண்டிப் போனது அம்மாவோடது இல்ல. போ! பின்னால திரும்பாம போ!"

அம்சவேணி ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். ஓடைத் தண்ணீர் முழங்காலை இழுத்தது. ஆட்டின் எச்சில் அவள் கழுத்தில் வழிந்தது. கரை ஏறும்போது வழுக்கி விழுந்தாள். ஆட்டை விடவில்லை. மேட்டில் ஜீப் நகர ஆரம்பித்திருந்தது. கூப்பிட வாயைத் திறந்தாள். மூச்சுத்தான் வந்தது, குரல் வரவில்லை. அப்படியே போய் ஜீப்புக்கு முன்னால் நடுரோட்டில் ஆட்டோடு விழுந்தாள்.

பிரேக் கிறீச்சிட்டது.

"ஏம்மா! சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" என்று டிரைவர் அலறினான்.

டாக்டர் மனோரமா குதித்து இறங்கினார். அவர் அம்சவேணியைப் பார்க்கவில்லை, ஆட்டைத்தான் பார்த்தார். ஹெட்லைட் வெளிச்சத்தில் மண்டியிட்டு அதன் தாடையைப் பிடித்துத் திறந்தார். உதடு தடித்திருந்தது. நாக்கு வீங்கி, கருநீலமாய், வாய்க்கு வெளியே பிதுங்கியது. குளம்புக்கு மேலே சிவப்புக் கோடு போல ரத்தம் கட்டியிருந்தது.

"நீலநாக்கு" என்றார் மெதுவாக. பிறகு சத்தமாக, "இந்த ஆடு எங்க இருந்துச்சு? அந்தத் தொட்டித் தண்ணிய இது குடிச்சதா?"

"இல்லம்மா. ஓடைக்கு அந்தாண்ட கீற ஆடு. மலைத் தண்ணிதான் குடிக்கும்."

டாக்டர் மூச்சை இழுத்து விட்டார். "கொசுவ விடச் சின்னதா ஒரு பூச்சி இருக்கு, சாணிச் சேத்துல வளர்றது. மழைக்காலத்துல பெருகும். அது ஆட்டக் கடிச்சுட்டு வந்து மானக் கடிக்கும். அப்படித்தான் இந்த நோய் தாவும். தண்ணியில வராது. தொட்டாலும் வராது. மெட்ராஸ் முடிவு வரட்டும். ஆனா இதப் பாத்த பிறகு விஷம்னு நான் எழுத மாட்டேன்."

பின்னாலேயே ஓடிவந்த ராமமூர்த்தி தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். அம்சவேணிக்குக் கேட்க வேண்டியது இன்னும் இருந்தது.

"மனுஷாளுக்கு?"

"வராதும்மா. ஆடு, மாடு, மான். அதோட சரி."

"டாக்டரம்மா, என் பொண்ணு..."

"உன் பொண்ணுக்குக் காய்ச்சல்னா அது வேற காய்ச்சல். போய் ஆஸ்பத்திரில காட்டு. அழாத. போ!"

வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு ஜஹீருன்னிசா தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டே ஓடிவந்தாள்.

"எங்கடி போய்ட்டே நீ? உன் ஆளு பொண்ணத் தூக்கினு வேலூருக்குப் போய்ட்டான், பெரிய ஆஸ்பத்திரிக்கு! போறதுக்கு முன்னாடி கடப்பாறையால டிரம்ம அடிச்சு நொறுக்கினு, பைத்தியம் மாதிரி 'நான் பாவி, நான் பாவி'ன்றான். எனுக்கு ஒரே பேஜாராய்டுச்சி. இரு, பஸ்ஸுக்குத் துட்டு தர்றேன். அல்லா பாத்துக்குவான், போ!"

வேலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்சவேணியைப் பக்கத்து சீட்டுக்காரர்கள் விலகி உட்கார்ந்தே பார்த்தார்கள். சேறும் ஆட்டு எச்சிலுமாக இருந்தாள். அவள் எதையும் உணரவில்லை. வராது, மனுஷாளுக்கு வராது என்று உதடு மட்டும் முணுமுணுத்தது. ஆனால் அந்தத் தகவல் இல்லாமல் ஒரு மனிதன் மகளைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறானே! அவன் என்ன செய்துகொள்வானோ என்ற பயம்தான் இப்போது அவளுக்கு.

அந்த மான் கூட்டத்தில் பாதிக்கு மேல் பிழைத்தது. சேற்றை வெட்டிக் காயவைத்து, மாலையானால் வேப்பந்தழை மூட்டம் போட்டு, அம்சவேணி மேலும் பல வருஷங்கள் அங்கேயே வேலை பார்த்தாள். அவள் தோளில் சுமந்த ஆடு பிழைக்கவில்லை. ராஜம்மாள் பொங்கல்வரை அவளோடு பேசவில்லை. மெட்ராஸ் முடிவு டாக்டர் சொன்னபடியே வந்தது. இதெல்லாம் பிறகு நடந்தவை. அன்று அந்தப் பஸ்ஸில் இருந்தவளுக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு இருந்த கட்டடத்தின் வெளியே, படிக்கட்டின் கடைசிப் படியில் கோவிந்தராஜ் உட்கார்ந்திருந்தான். காலில் காய்ந்த சுண்ணாம்பு அப்படியே இருந்தது. தலையை முழங்காலில் புதைத்திருந்தான்.

"இன்னாய்யா! கமலம் எங்க?"

"உள்ள கீறா." தலை நிமிரவில்லை. "நீர்க்கடுப்புல வந்த காய்ச்சலாம். புள்ளத்தாச்சிக்கு வர்றதாம். மருந்து குடுத்திருக்காங்க. வயித்துல கொழந்த துடிப்பு நல்லா கீதாம்."

"அப்பறம் ஏன்யா இங்க குந்திகினு கீற?"

"சும்மா சொல்றாங்கடி. நான் அழுவறேன்னு சொல்றாங்க. அந்த டிரம்மு மருந்து ஒடனே வேல காட்டாது. நான் டேனரில பாக்கலியா? உள்ள போயி கொஞ்சம் கொஞ்சமாதான்..." காலில் காய்ந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினான். "நீ சொமக்கறியேன்னுதான் அம்சா வாங்கியாந்தேன். நீ கஷ்டப்படறியேன்னுதான்."

அவள் அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தினாள்.

"தண்ணி இல்லய்யா. பூச்சி. சாணிச் சேத்துல வளர்ற பூச்சி. ராஜம்மா ஆட்டுக்கும் அதே சீக்கு. நாக்கு நீலமா வீங்கி, நானே பாத்தேன். டாக்டரம்மா ஆட்டு வாயத் தொறந்து காட்டினாங்க."

அவன் கண் அகலமாயிற்று. ஆடுகளோடும் தோல்களோடும் ஆயுளைக் கழித்தவன். அவனை ஆறுதல் வார்த்தையால் ஏமாற்ற முடியாது.

"ராஜம்மா ஆடு நம்ம தொட்டில குடிச்சிதா?"

"இல்ல."

"சத்தியமா?"

"ஓடைக்கு அந்தாண்ட பட்டி. மலைத் தண்ணி. கமலத்து மேல சத்தியம்."

"டிரம்மு?"

"டிரம்முல ஒண்ணும் இல்லய்யா. நீ நல்லாதான் கழுவின."

அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தது போல அவன் உடைந்தான். வாய்விட்டு அழுதான். படியேறிப் போனவர்களும் இறங்கி வந்தவர்களும் நின்று பார்த்தார்கள். அவள் தடுக்கவில்லை. அவன் அழுது ஓயும்வரை அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

வார்டின் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கோவிந்தராஜ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்தான். மகளை நர்சிடம் ஒப்படைத்ததிலிருந்து அவன் அந்த வாசற்படியைத் தாண்டவே இல்லை என்பது அப்போதுதான் அம்சவேணிக்குப் புரிந்தது.

"அம்சா," என்றான் மெதுவாக. "அப்ப நான் உள்ள போயி அவளப் பாக்கலாமா?"